தலைமைச் சாவி இல்லாமல் ஒரு கணினி வகுப்பு: சில வரலாற்றுக் குறிப்புகள்



கணினி வகுப்பில் நம் பிள்ளைகள் பலர் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும்போது, அந்தக் கணினியின் முழு அதிகாரம் யார் கையில் இருக்கவேண்டும்? சிறிய கேள்வியாகத் தோன்றலாம். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அறிஞர்கள் இக்கேள்வியோடு மல்லுக்கட்டி வந்துள்ளனர். அந்த வரலாற்றையும், அதை அறியாததால் நான் செய்த ஒரு பிழையையும் இங்குப் பதிவு செய்கிறேன்.

காம்பாரில் தொடங்கிய கதை

காம்பார் ஈயத்தால் வளர்ந்த ஊர். 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்தபோது கிந்தா பள்ளத்தாக்கின் மற்ற ஊர்களைப் போலவே இதுவும் களையிழந்தது. 2007-இல் துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் தன் வளாகத்தை இங்கே திறந்தபின் ஊரின் முகமே மாறியது. பழைய ஈயக் குட்டைகளின் ஓரத்தில் இன்று மாணவர்கள் மடிக்கணினியோடு நடக்கின்றனர். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் அந்த உலகத்திற்குள் நுழையவேண்டும் என்ற ஆசையால் 2019-இல் சனிக்கிழமை வகுப்பு ஒன்றைத் தொடங்கினேன். பதினான்கு பிள்ளைகள். பெரும்பாலோர் தோட்டத்திலிருந்து பட்டணத்திற்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வீட்டில் கணினி உள்ளவர்கள் மூவர் மட்டுமே.

பைத்தான் மொழியை ஜூப்பிட்டர் ஏட்டின் வழியாகக் கற்பிப்பது என் திட்டம். ஜூப்பிட்டர் ஏடு என்பது இணைய உலாவியில் திறக்கும் ஒரு பயிற்சிப் புத்தகம். ஒரு கட்டத்தில் விளக்கம் எழுதலாம். அடுத்த கட்டத்தில் நிரல் எழுதலாம். அங்கேயே அதை இயக்கி விடையும் காணலாம். கணக்கீடு முழுவதும் ஒரு பொதுக் கணினியில் நடப்பதால் பிள்ளைகளின் கையில் பழைய மடிக்கணினி இருந்தாலே போதும்.

அந்தப் பொதுக் கணினியை எங்களுக்கு இரவல் தந்தவர் என் முன்னாள் மாணவர். அவர் வேலை செய்யும் இடத்தில் பயன்படாமல் கிடந்த கணினி அது. இயக்கித் தந்தவர், எனக்கு ஒரு சாதாரணக் கணக்கை மட்டும் கொடுத்தார். ரூட் எனப்படும் தலைமைக் கணக்கைத் தரவில்லை.

“தம்பி, உனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவனையே நம்பமாட்டாயா?” என்று கேட்டேன். உள்ளுக்குள் கொஞ்சம் வருத்தம்தான்.

“ஐயா, உங்களை நம்பாமல் இல்லை. நீங்கள் இயக்கப்போகும் நிரலைத்தான் நம்பவில்லை. அதில் ஓட்டை இருந்தால், நுழைகிறவன் உங்கள் பெயரைக் கேட்டுவிட்டா நுழைவான்?” என்றார்.

அந்த விடையின் ஆழம் அப்போது எனக்குப் புரியவில்லை. வரலாற்றைப் படித்த பின்புதான் புரிந்தது.

பலர் பகிர்ந்த முதல் கணினிகள்

1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் பெர்னாண்டோ கொர்பாட்டோ குழுவினர் ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் முறையைச் செய்து காட்டினர். சி.டி.எஸ்.எஸ். என்பது அதன் பெயர். ஒவ்வொருவரின் கோப்பையும் காக்க அதில் கடவுச்சொல் முறை வந்தது. கூடவே திருட்டும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்திற்கு 4 மணி நேரமே கணினி கிடைத்தது, அது போதவில்லை. 1962-இல் அவர் கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிடச் செய்து, மற்றவர்களின் கணக்கில் வேலை செய்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு அவரே இதை ஒப்புக்கொண்டார்.

1966-இல் நடந்தது இன்னும் வேடிக்கை. திருத்தி மென்பொருள், நிர்வாகிகளின் அடைவில் ஒரு நேரத்தில் ஒருவரே வேலை செய்வார் என்று எண்ணித் தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரை வைத்தது. ஒரு நாள் இருவர் வேலை செய்தனர். ஒருவர் வரவேற்புச் செய்தியைத் திருத்தினார். மற்றவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்தினார். இரண்டும் இடம் மாறிவிட்டன. அதன்பின் கணினிக்குள் நுழைந்த ஒவ்வொருவரையும் எல்லாருடைய கடவுச்சொற்களும் வரவேற்றன!

இங்கே கெட்ட எண்ணம் கொண்டவர் எவருமில்லை. பெரிய அதிகாரம் கொண்ட இடத்தில் ஒரு சிறிய பிழை நேர்ந்தது, அவ்வளவுதான். என் மாணவர் சொன்னதும் இதுவே.

ரூட் என்னும் பெரிய துரை

1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைத் தொடங்கினர். இன்றைய லினக்ஸ் அதன் வழியில் வந்ததே. அதில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. 0 என்ற எண்ணுக்குரியவர்தான் ரூட். எந்தக் கோப்பையும் திறக்கலாம், அழிக்கலாம். யாருடைய பெயரிலும் வேலையைத் தொடங்கலாம். மற்றவர்களுக்குத் தம் எல்லையைத் தாண்ட அனுமதி இல்லை.

ஆனால் எல்லையைச் சிறிது தாண்டவேண்டிய நியாயமான தேவைகள் உண்டு. கடவுச்சொல்லை மாற்றுவது ஓர் எடுத்துக்காட்டு. அதற்காக ரிச்சி ஒரு வழி கண்டார்: ஒரு குறிப்பிட்ட நிரல் மட்டும், யார் இயக்கினாலும், அந்த நிரலின் உரிமையாளருடைய அதிகாரத்தோடு இயங்கும். 1973-இல் விண்ணப்பித்து 1979-இல் இதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. இடையில் 1975-இல் ஜெரோம் சால்ட்ஸரும் மைக்கேல் ஷ்ரோடரும் ஒரு கட்டுரையில் அடிப்படை விதியை வகுத்தனர். ஒரு நிரலுக்கும் ஒரு பயனருக்கும் தம் வேலைக்குத் தேவையான அளவு அதிகாரமே இருக்கவேண்டும். அதற்கு மேல் இருக்கலாகாது என்பதே அது.

1980 வாக்கில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷலும் கிளிஃப் ஸ்பென்சரும் சூடோ என்ற நிரலை எழுதினர். இன்னார், இன்னாருடைய பெயரில், இந்த ஒரு வேலையை மட்டும் செய்யலாம் என்று ஒரு பட்டியலில் எழுதிவிட்டால், சூடோ அதை மட்டுமே அனுமதிக்கும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பெரட்டுக்களத்தில் கங்காணி தன் கும்பலின் பெயர்களை மட்டும் கூப்பிடுவார். அவர்களை வேலைக்கு அனுப்புவார். கிராணியின் சம்பளப் புத்தகத்தைத் தொடமாட்டார். பெரிய துரையின் அலுவலகச் சாவியும் அவரிடம் இராது. இருந்தும் தோட்டத்து வேலை நடந்தது. சூடோவின் பட்டியல் அத்தகைய ஒரு பெயர்ப்பட்டியலே.

ஏடு பிறந்தது, பலருக்கானது

2001-இல் கொலம்பியா நாட்டைச் சேர்ந்த பெர்னாண்டோ பெரெஸ், அமெரிக்காவில் இயற்பியல் ஆய்வு மாணவராக இருந்தபோது ஐபைத்தானை எழுதினார். 2011 டிசம்பரில் உலாவியில் இயங்கும் ஏடு அதனோடு சேர்ந்தது. 2014-இல் ஜூப்பிட்டர் என்ற பெயர் வந்தது. ஜூலியா, பைத்தான், ஆர் ஆகிய மூன்று மொழிகளின் நினைவு அப்பெயரில் உண்டு. வியாழன் கோளின் நிலவுகளைக் கலிலியோ குறித்து வைத்த ஏடுகளின் நினைவும் உண்டு.

தனி ஏட்டைப் பலருக்குரியதாக்கியது ஜூப்பிட்டர்ஹப். அதன் முதல் வெளியீடு 2015-இல் வந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் அதைக்கொண்டு மிகப் பெரிய வகுப்புகளை நடத்தியது. தமிழ்நாட்டைச் சேர்ந்த யுவி பாண்டா இத்துறையில் குறிப்பிடத்தக்கவர். விக்கிமீடியா தன்னார்வலர்களுக்காக பாஸ் என்ற பொது ஏட்டுச் சேவையை உருவாக்கினார். பின்னர், சிறிய வகுப்புகளும் ஒரே கணினியில் நடத்தத்தக்க ‘மிகச்சிறிய ஜூப்பிட்டர்ஹப்’ 2018-இல் வெளிவருவதற்கு முன்னின்றார். நம் பிள்ளைகளுக்கு இப்பெயரைச் சொல்லுங்கள்.

இனி சிக்கலுக்கு வருவோம். ஒரு மாணவி நுழையும்போது, ஹப் அவளுடைய பெயரிலேயே அவளுக்குரிய ஏட்டைத் தொடங்கவேண்டும். பிறர் பெயரில் வேலையைத் தொடங்கும் அதிகாரம் ரூட்டுக்கு மட்டுமே உண்டு. ஆகையால் ஒரே கணினியில் நடக்கும் வழக்கமான அமைப்பில் ஹப் ரூட்டாகவே இயங்கும். இணையத்தை நோக்கி நாள்முழுதும் திறந்திருக்கும் ஒரு நிரலின் கையில் வீட்டின் எல்லாச் சாவியும்! மாணவர் அஞ்சியது இதற்குத்தான்.

அவர் எழுதிக்கொடுத்த ஒரு வரி

மாற்று வழி ஜூப்பிட்டர் குழுவினரின் ஆவணத்திலேயே உண்டு. ஹப்புக்கென ஒரு சாதாரணக் கணக்கு உருவாக்கப்படும். சூடோஸ்பானர் என்ற சிறு இடைத்தரகு நிரல் நிறுவப்படும். சூடோவின் பட்டியலில் ஒரு விதி எழுதப்படும்: ஹப் கணக்கு, வகுப்புக் குழுவிலுள்ள பயனர்களின் பெயரில், சூடோஸ்பானரை மட்டும், கடவுச்சொல் கேட்கப்படாமல் இயக்கலாம். 1024-க்குக் கீழுள்ள வாயில் எண்கள் வழக்கமாக ரூட்டுக்கு உரியவை. ஹப்போ இயல்பாகவே 8000-இல் காத்திருப்பதால் அங்கும் ரூட் வேண்டியதில்லை.

கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதில் ஒரு முடிச்சு உண்டு. கலைத்து மறைக்கப்பட்ட கடவுச்சொற்கள் ஷேடோ என்ற கோப்பில் உள்ளன. சாதாரணக் கணக்கு அதைப் படிக்க இயலாது. உபுண்டு போன்ற அமைப்புகளில் ஹப் கணக்கை ஷேடோ குழுவில் சேர்த்தால் படிக்கலாம். ஆனால் அதுவும் ஓர் அதிகாரமே. ஹப் பறிபோனால் அந்தக் கோப்பும் பறிபோகும்.

இந்த அமைப்பு எதைக் காக்கிறது, எதைக் காக்கவில்லை என்பதை நேர்மையாகச் சொல்லவேண்டும். ஹப்பைக் கைப்பற்றியவன் கணினி முழுவதையும் கைப்பற்ற முடியாது. ஆனால் பட்டியலிலுள்ள பதினான்கு பிள்ளைகளின் பெயரிலும் அவன் வேலை செய்யலாம். சூடோவும் பிழையற்றதன்று. 2011-இல் அதற்குள் புகுந்த ஒரு பெரிய ஓட்டை 2021 சனவரியில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது.

என் பிழை

எல்லாம் நன்றாக நடந்தது. பிள்ளைகள் வாய்பாடு போட்டனர், வட்டம் வரைந்தனர். பைத்தானின் 3-ஆம் பதிப்பு தமிழ் எழுத்தில் மாறிகளுக்குப் பெயரிட இடந்தருவதால், ‘மதிப்பெண்’ என்றும் ‘மொத்தம்’ என்றும் எழுதி மகிழ்ந்தனர். ரூட் இல்லாமல் இயங்குகிறோம், ஆகவே பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை ஒரு மாணவி வகுப்பின் நடுவே அழுதுகொண்டு வெளியே போனாள். அவள் தன் ஏட்டில், நிரல்களுக்கிடையே, நாட்குறிப்பும் எழுதி வந்திருக்கிறாள். அப்பாவுக்கு வேலை போனது, வீட்டில் நடந்த பேச்சு எல்லாம் அதில் இருந்தன. ஏட்டிலுள்ள முனையத்தைத் திறக்கத் தெரிந்த ஒரு மாணவன் அவளுடைய அடைவுக்குள் போய்ப் படித்து, மற்றவர்களிடமும் சொல்லிவிட்டான்.

அவன் எதையும் உடைக்கவில்லை. கதவு திறந்தே இருந்தது. உபுண்டுவில் பயனரின் வீட்டு அடைவை மற்றப் பயனர்களும் படிக்கலாம் என்பதே நெடுங்காலமாக இயல்பான அமைப்பு. 2021 ஏப்ரலில் வந்த 21.04 பதிப்பில்தான் அது மாறியது. எங்களிடம் இருந்ததோ பழைய பதிப்பு. என் மனத்தை இன்றும் உறுத்துவது வேறொன்று. அந்தக் கதவை மூட ரூட் தேவையே இல்லை. தன் அடைவின் அனுமதியை மாற்றும் உரிமை ஒவ்வொரு பயனருக்கும் உண்டு. முதல் வகுப்பிலேயே பதினான்கு பிள்ளைகளையும் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்ய வைத்திருந்தால் போதும். என்னிடம் இல்லாத அதிகாரத்தைப் பற்றி மாதக்கணக்கில் வருந்திய நான், இருந்த அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை.

அன்று மாலையே அந்த மாணவியின் வீட்டிற்குச் சென்று, அவளிடமும் அவள் பெற்றோரிடமும் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லைங்க ஐயா” என்றார் அவள் தாயார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் வகுப்புக்கு வந்தாள். வந்தவுடன் முதலில் கேட்டது: “ஐயா, இப்போது பூட்டியிருக்கிறதா?” நான் விடை சொல்லாமல், அவளே சோதித்துப் பார்க்கும் வழியைக் காட்டினேன். பக்கத்துக் கணக்கிலிருந்து முயன்று, மறுப்புச் செய்தி வந்ததைக் கண்ட பிறகே அமர்ந்தாள்.

பெற்றோரும் ஆசிரியரும் கேட்கவேண்டியவை

உங்கள் பிள்ளை எந்தப் பகிர்வுக் கணினியில் படித்தாலும் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். தலைமைக் கணக்கு யாரிடம் இருக்கிறது? என் பிள்ளை எழுதுவதை வேறு யார் படிக்க முடியும்? வகுப்பு முடிந்தபின் அவையெல்லாம் என்ன ஆகும்? ‘ரூட் இல்லை, ஆகவே பயமில்லை’ என்று யாராவது சொன்னால், இரண்டாம் கேள்வியை மீண்டும் ஒருமுறை கேளுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். தலைமைச் சாவியை ஒருவர் நமக்குத் தர மறுத்தால் அதை அவமதிப்பாக எண்ணவேண்டாம். என் மாணவர் மறுத்தது நான் கற்பித்த ஒழுங்கின் பயன் என்றே இப்போது எண்ணுகிறேன். அண்மையில் அவரைச் சந்தித்தபோது இதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, “இப்போது வேண்டுமானால் தரட்டுமா, ஐயா?” என்றார்.

வேண்டாம் என்றேன்.