கைக்கு வந்த புரதம்

நமது குருதிக்குச் செந்நிறம் தரும் ஹீமோகுளோபின் என்னும் புரதத்தில் ஏறத்தாழப் பத்தாயிரம் அணுக்கள் உள்ளன. நீளம், அகலம், ஆழம் ஆகிய மூன்று திசைகளிலும் சுருண்டு மடங்கிக் கிடக்கும் இவ்வுருவத்தைக் கல்லூரி மாணவர் நெடுங்காலம் அச்சுத்தாளில் தட்டைப் படமாகவே கண்டுவந்தனர். எந்த அணு முன்னே, எது பின்னே என்பது புலப்படாதபோது, பெயர்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதுவதன்றி அவர்களுக்கு வேறு வழி யாது?

ஆராய்ச்சியாளர் இக்குறையை அறியாதவரல்லர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொலாஜன் புரதத்தின் மும்முறுக்கு அமைப்பை வெளியிட்டது, மாதிரி உருவங்களைக் கட்டிப் பார்த்தே. (ராமச்சந்திரன் பின்னாளில் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தார் என்பதை அந்நகர்வாழ் தமிழர் அறிவர்.) கேம்பிரிட்ஜில் ஜான் கென்ட்ரூ, மயோகுளோபினின் முதல் உருவத்தை 1957-இல் பிளாஸ்டிசின் என்னும் களிமண் போன்ற பொருளால் சமைத்தார். ஆயின் அத்தகைய உருவம் ஆராய்ச்சிக் கூடத்துக்கு ஒன்று இருக்கலாம். வகுப்பில் உள்ள ஐம்பது பேருக்கும் ஆளுக்கொன்று தருவது எங்ஙனம்?

1960-களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சைரஸ் லெவிந்தால், புரதத்தைக் கணிப்பொறித் திரையில் கோடுகளாக வரைந்து, கையால் இயக்கிச் சுழலச் செய்தார். சுழலத் தொடங்கியதும் ஆழம் கண்ணுக்குத் தெரிந்தது. ஆனால் அப்பொறி ஓர் அறையையே அடைத்து நின்றது.

கல்லூரிக்கு வழி திறந்தவர்கள் டியூக் பல்கலைக்கழகத்து டேவிட் ரிச்சர்ட்சனும் அவர் மனைவி ஜேன் அம்மையாரும் ஆவர். தத்துவம் பயின்று பட்டம் பெற்றவரான அம்மையார், புரதத்தின் மடிப்புகளை நாடா போல வரைந்து காட்டும் முறையை 1981-இல் பரப்பினார். 1992-இல் ‘புரோட்டீன் சயன்ஸ்’ ஏட்டின் முதல் இதழ் வந்தபோது, உடன் ஒரு பிளாப்பித் தகடும் வந்தது. ‘கைனிமேஜ்’ என்று இவர்கள் பெயரிட்ட படங்கள் அதில் இருந்தன. மெக்கின்டாஷ் என்னும் சிறு கணிப்பொறியிலேயே மாணவர் அவற்றைத் திருப்பலாம்; வேண்டாத பகுதியை மறைக்கலாம்; ஓர் அணுவைத் தொட்டு அதன் பெயரையும், முன்பு தொட்ட அணுவிலிருந்து அதன் தொலைவையும் அறியலாம்; ஒரு புரதத்தின் இரு நிலைகளை மாற்றி மாற்றிக் காணலாம்.

இக்கடைசி வசதியே, என் கருத்தில், தலையாயது. பிராணவாயு பற்றியதும் ஹீமோகுளோபினின் இரும்பணு நகரும் தூரம், ஒரு சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் ஒரு பங்கினும் குறைவு. அச்சிறு அசைவின் தொடர்விளைவாகப் புரதத்தின் ஒரு பாதி மறுபாதிக்கு எதிரே சுமார் 15 பாகை திரும்புகிறது. நான்கு பக்கம் எழுதியும் விளங்காத இதனை, இரு நிலைகளையும் தாமே மாற்றிப் பார்க்கும் மாணவர் உடனே உணர்வர்.

1993-இல் ரோஜர் சேல் இலவசமாக வழங்கிய ‘ராஸ்மால்’ இவ்வசதியை மேலும் பலரிடம் சேர்த்தது.

இதில் ஓர் இடரும் உண்டு. புரதத்துக்குள் மெய்யாகவே நாடா இருப்பதாக மயங்கும் மாணவர் உளர். நாடா வரைபவரின் சுருக்கெழுத்து. இயற்கையில் அணுக்கள் நெருங்கி நிறைந்துள்ளன. ஆதலின் நாடா உருவைக் காட்டும் ஆசிரியர், அதே புரதத்தை அணு அணுவாகவும் உடனே காட்டிவிடுதல் வேண்டும். அதற்கு ஒரு பொத்தானை அழுத்தும் நேரமே பிடிக்கும்.