அசாம் செடிக்கு 'சிலோன்' பெயர், நமக்கு?

'சிலோன் டீ' என்று உலகமெல்லாம் பெயர் எடுத்த செடி இந்த மண்ணில் பிறந்தது இல்லை. அதுவும் நம்மைப் போல வந்து சேர்ந்ததுதான்.

தேயிலையில் முக்கியமாக இரண்டு வகை. சீன வகைக்குச் சின்ன இலை, குளிரைத் தாங்கும், சுவை மென்மை. அசாம் வகைக்குப் பெரிய இலை, வெப்பமும் மழையும் பிடிக்கும், சாயம் கடும். 1823இல் ரொபர்ட் புரூஸ் அசாமில் இதைக் 'கண்டுபிடித்தார்' என்பார்கள். அங்குள்ள சிங்போ மக்கள் அதற்கு முன்பே அதைக் குடித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

1839இல் அசாம் விதை பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. ஆனால் அது கோப்பிக் காலம், யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1867இல் தெல்தோட்டைக்குப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் துரையின் பொறுப்பில், ஏழாம் நம்பர் மலையில் 19 ஏக்கர் தேயிலை வைத்தார்கள். வியாபாரத்துக்கு வைத்த முதல் தேயிலை என்று அதைத்தான் சொல்கிறோம். கொழுந்தைக் கையால் உருட்டியது துரையின் பங்களா வராண்டாவில். காய வைத்தது களிமண் அடுப்பில், கரி நெருப்பில். 1869இல் கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. கோப்பி சரிய, தேயிலை மலைமலையாக ஏறியது.

இதில் செடியின் குணத்தையும் பார்க்கணும். கோப்பிக்குப் பழம் பறிக்கிற சில மாதம்தான் நிறைய ஆள் வேணும். தேயிலை அப்படி இல்லை, வருசம் முழுக்கத் துளிர்க்கும். ஏழெட்டு நாளுக்கு ஒருக்கா எடுக்காவிட்டால் கொழுந்து முற்றிவிடும். கவ்வாத்து வெட்டாவிட்டால் மரமாகிவிடும். அதனால் வந்து போகிற ஆட்கள் போதவில்லை, குடும்பங்கள் தங்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்த நம்ம பாட்டன் பூட்டிமார் லயங்களில் நிலைத்ததற்கு இந்தக் குணம் ஒரு பெரிய காரணம்.

1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தபோது லூல்கந்துர தேயிலைக்கு 81 வயது. அசாம் செடிக்கு 'சிலோன்' என்ற பெயர் கிடைத்தது. அதை வளர்த்தவர்களில் பெரும்பாலானோருக்கு நாடே இல்லாமல் போச்சு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவெடுத்தது. மிச்சமிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் வர 2003 ஆகிவிட்டது.

டெய்லருக்குக் கண்டி மஹியாவையில் கல்லறை இருக்கு. அவர் உட்கார்ந்த கல்லாசனத்தை லூல்கந்துரவில் இன்றும் காட்டுகிறார்கள். அந்த 19 ஏக்கரில் குழி வெட்டினவர்களின் பெயரை நாம் எந்தப் பாடப்புத்தகத்திலும் படித்ததில்லை. லயங்களில் பழைய கதை தெரிந்த வயசாளிகள் இன்னும் இருக்காங்க. எந்த ஊரிலிருந்து, எந்தக் கங்காணியோட வந்தாங்கன்னு கேட்டு, இப்பவே எழுதி வைப்போம்.