இரும்புச் சூரியன் கோட்பாடு

சூரியனின் பெரும்பகுதி இரும்பே என்னும் கோட்பாடு. இன்று வானியலாளர்கள் இதை ஏற்பதில்லை. ஆயினும் 1920களின் தொடக்கம் வரை, சூரியனிலும் பூமியிலும் உள்ள சரக்கு ஏறக்குறைய ஒன்றே, இரண்டிலும் இரும்பு மிகுதி என்றே அறிஞர்கள் நம்பினர். சூரிய நிறமாலையில் இரும்பின் கருங்கோடுகள் ஆயிரக்கணக்கில் இருக்க, ஹைட்ரஜனின் கோடுகள் விரல்விட்டு எண்ணும் அளவே இருந்தன.

கோடுகளை எண்ணினால் போதாது என்று காட்டியவர் சிசிலியா பெய்ன். வெப்பநிலைக்கேற்ப அணுக்கள் எந்த அளவு அயனியாகும் என்று சொல்லும் மேகநாத் சாகாவின் 1920ஆம் ஆண்டுச் சமன்பாட்டைக் கொண்டு கணக்கிட்டார். சூரியப் பரப்பின் வெப்பநிலை சுமார் 5,800 கெல்வின். அந்தச் சூட்டில் ஏறத்தாழ 20 கோடி ஹைட்ரஜன் அணுக்களில் ஒன்றுதான் கண்ணுக்குப் புலப்படும் ஒளியை விழுங்கும் நிலையில் இருக்கும். அப்படியும் சிவப்புப் பகுதியில் ஹைட்ரஜன் கோடு அகலமாக, அழுத்தமாக விழுகிறது என்றால் அங்கே எவ்வளவு ஹைட்ரஜன் இருக்க வேண்டும்! இரும்போ கொஞ்சம் இருந்தாலே ஆயிரம் கோடு கிழித்துவிடும். அன்றைய முன்னணி வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல், ஹைட்ரஜனே மிகுதி என்னும் இம்முடிவை ஏற்க மறுத்தார். அதனால் தம் முடிவு ஏறத்தாழ நிச்சயமாக உண்மையல்ல என்று 1925ஆம் ஆண்டு ஆய்வேட்டில் பெய்னே எழுத நேர்ந்தது. வானியல் வரலாற்றில் மனத்தை உறுத்தும் வரி அது. 1929இல் ரஸ்ஸலும் வேறு வழியில் அதே முடிவுக்கு வந்தார்.

1970களில் கோட்பாடு மீண்டும் தலைதூக்கியது. விண்கற்களிலுள்ள செனான் ஐசோடோப்புகளை ஆராய்ந்த அமெரிக்க அணுக்கரு வேதியியலாளர் ஆலிவர் மானுவல், வெடித்த விண்மீனின் எச்சத்தைச் சுற்றியே சூரியன் உருவானது என்றார். உள்ளே இரும்பு, மேலே மிதந்து வந்தது ஹைட்ரஜன். நிறமாலை மேற்பரப்பை மட்டுமே காட்டும் என்ற அவர் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. சூரியனில் ஹைட்ரஜன் இணையும்போது பிறக்கும் நியூட்ரினோ துகள்களில், ஹோம்ஸ்டேக் சுரங்கத்தில் ரேமண்ட் டேவிஸ் கண்டவையும் எதிர்பார்த்ததில் மூன்றில் ஒரு பங்கே.

விடை சூரியனின் உள்ளிருந்தே வந்தது. நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுகின்றன, மொத்த எண்ணிக்கையில் குறைவில்லை என்று கனடாவின் சட்பரி ஆய்வகம் 2001–02இல் நிறுவியது. சூரியன் அதிரும்போது உள்ளே பரவும் ஒலியின் வேகமும் ஹைட்ரஜன், ஹீலியம் மாதிரியுடன் ஒரு சதவீத அளவுக்குள் பொருந்துகிறது. உள்ளே இரும்பு நிறைந்திருந்தால் இந்தப் பொருத்தம் இருந்திராது.

சூரியப் பரப்பில், நிறையில் ஹைட்ரஜன் சுமார் 74, ஹீலியம் சுமார் 25 சதவீதம். எஞ்சிய தனிமங்களின் பங்கு 1.3 சதவீதமா, 1.8 சதவீதமா என்பதில்தான் இன்றைய வழக்கு.