பூட்டுறதுக்கு ஒரு சட்டம், கஞ்சிக்கு ஒரு சட்டம்



இந்த மலருக்காகப் பழைய தீர்மான நோட்டுகளை எடுத்துப் புரட்டினோம். 2020 மார்ச் வரைக்கும் சேமிப்பு, கடன், வட்டி, வராதவர் பெயர் என்று வரிசையாக எழுதியிருக்கிறது. அதற்குப் பிறகு சில பக்கங்கள் வெறுமையாகக் கிடக்கின்றன. ஊரடங்கு. சுற்றுலா வண்டி எதுவும் மலை ஏறவில்லை. கடை போட்டவர்களுக்கும் விடுதி வேலைக்குப் போனவர்களுக்கும் கூலி நின்றுபோனது.

மறுபடி கூடிய அன்றைக்கு எல்லாரும் முகக்கவசம் போட்டுக்கொண்டு தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். எங்கள் குழுவிலேயே மூத்தவரான பாட்டி ஒரு கேள்வி கேட்டார். "ஏம்மா, ஊரைப் பூட்டறதுக்கு ஒரு சட்டம் இருக்குதுன்னு சொல்றீங்களே, பூட்டுன ஊட்டுல கஞ்சி காய்ச்சறதுக்கு ஒரு சட்டம் இல்லியா?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. சிரித்துவிட்டுக் கடன் வசூலுக்குப் போய்விட்டோம். ஆனால் அந்தக் கேள்வி மனதிலேயே இருந்தது. தேடிப் படித்ததில் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எழுதி வைத்த விதி இல்லாத காலம்

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவங்க சொல்லுவாங்க. சேலம் மாவட்டம் மிக மோசமாக அடிபட்டது. 1871 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 19 லட்சத்து 60 ஆயிரமாக இருந்த மாவட்ட மக்கள்தொகை, 1881ல் சுமார் 16 லட்சம்தான். செத்தவர்கள் பாதி, பிழைப்பு தேடி ஓடியவர்கள் பாதி என்று வைத்துக்கொண்டாலும், கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவரைக் காணோம்.

அப்போது நிவாரண வேலைக்கு எவ்வளவு கூலி என்பது அதிகாரி வைத்ததுதான். 1877ல் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், ஆணுக்கு ஒரு பவுண்டு தானியத்துக்கு உண்டான காசும் ஒரு அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. பெண்ணுக்கு அதைவிடவும் குறைவு. மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், "இதைத் தின்று கல் உடைக்க முடியாது" என்ற பொருளில் வாதாடினார். சண்டை போட்ட பிறகுதான் கூலி கூடியது.

இந்தச் சாவுகளுக்குப் பிறகு 1880ல் பஞ்ச விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. அதை வைத்துப் பஞ்ச நிவாரண விதிகள் எழுதப்பட்டன. ஆபத்து வருவதற்கு முன்னாலேயே யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கும் பழக்கம் இப்படித்தான் வந்தது.

1897: நாலே பிரிவு

1896ல் பம்பாயில் பிளேக் பரவியது. 1897 பிப்ரவரி 4ஆம் தேதி கொள்ளை நோய்ச் சட்டம் வந்தது. மொத்தம் நாலே பிரிவு. ஒன்று சட்டத்தின் பெயர். அடுத்தது அரசு எந்த நடவடிக்கை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற அதிகாரம். மூன்றாவது மீறினால் தண்டனை. நாலாவது, நல்லெண்ணத்தோடு செய்த அதிகாரி மேல் வழக்குப் போட முடியாது என்ற பாதுகாப்பு. வீட்டில் அடைபட்டவருக்குச் சோறு, தண்ணி, மருந்து யார் கொடுப்பது என்று அதில் ஒரு வரி கிடையாது.

புனேயில் சிப்பாய்கள் வீடு வீடாகப் புகுந்து சோதனை போட்டார்கள். பெண்களைச் சோதித்த விதம் ஊரையே கொதிக்க வைத்தது. ஜனங்கள் நோயாளியை மறைத்தார்கள். 1897 ஜூன் 22ஆம் தேதி இரவு பிளேக் அதிகாரி ராண்டு சுடப்பட்டார். பயமுறுத்தினால் நோய் ஒளிந்துகொள்ளும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நம்ம ஊரில் அம்மை போட்டால் ஆத்தா வந்திருக்கான்னு வேப்பிலை கட்டுவோம். அம்மை குத்துபவர் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிய கதையை நம் பாட்டிமார் சொல்லியிருப்பார்கள். கடைசியில் பெரியம்மையை ஒழித்தது எது? ஒவ்வொரு நோயாளியையும் தேடிப் பிடித்து, சுற்றி இருப்பவருக்கு ஊசி போட்டு, தகவல் சொன்னவருக்குப் பரிசுப் பணமும் கொடுத்த வேலைமுறை. அதிலும் சில இடங்களில் வற்புறுத்தல் நடந்ததுண்டு. 1975க்குப் பிறகு நம் நாட்டில் பெரியம்மை இல்லை. 1980 மே மாதம் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

1939: கடமை எழுதப்பட்டது

சேலம் நகராட்சித் தலைவராக இருந்த ராஜாஜி, 1937ல் சென்னை மாகாண முதல்வர் பொறுப்புக்கு வந்தார். சுகாதார மந்திரி டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன். அந்த ஆட்சியில் வந்ததுதான் 1939ஆம் ஆண்டு சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம். இந்தியாவிலேயே இவ்வளவு விரிவாக வந்த முதல் சட்டம் இது. இன்றும் தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம் என்ற பெயரில் நடைமுறையில் இருக்கிறது.

இதிலும் அதிகாரம் உண்டு. நோயாளியைத் தனியாக வைக்கலாம், வீட்டைச் சுத்தம் செய்யச் சொல்லலாம். ஆனால் 1897 சட்டத்தில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. குடிதண்ணீருக்கு ஏற்பாடு செய்வது உள்ளாட்சியின் கடமை. சாக்கடை, கழிப்பிடம், தாய் சேய் நலம் எல்லாம் உள்ளாட்சி கவனிக்க வேண்டிய வேலை. சந்தை, திருவிழா நடக்கும் இடத்தில் செய்ய வேண்டிய சுகாதார ஏற்பாட்டுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகும்போது தண்ணீர்த் தொட்டியையும் மருத்துவ முகாமையும் பார்த்தால், இது யாரோ போட்ட தர்மம் என்று நினைக்காதீர்கள்.

தோட்டத்துக்கு வந்த சட்டம்

நம்ம மலையில் காப்பி வந்து சுமார் இருநூறு வருஷம் ஆகிறது. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில் நட்டது. ஆனால் தோட்டத் தொழிலாளிக்கு என்று ஒரு முழுச் சட்டம் வந்தது 1951ல்தான். தோட்டத் தொழிலாளர் சட்டம், குடிதண்ணீர், கழிப்பிடம், மருத்துவ வசதி, வீடு எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்றது. 50 பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது.

ஒரு குறையும் இருந்தது. 1981ல் திருத்திய பிறகும், 5 ஹெக்டேருக்குக் குறையாமல் நிலமும் 15 ஆளும் இருந்தால்தான் அது தானாகப் பொருந்தியது. சின்னத் தோட்டத்தில் மிளகு பறிக்கக் கூலிக்குப் போகிறவளுக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. நம் குழுக்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

சங்கம் போய்க் கேட்ட வழக்கு

அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு உயிர் வாழும் உரிமையைச் சொல்கிறது. 47ஆம் பிரிவு பொதுச் சுகாதாரத்தை உயர்த்துவது அரசின் கடமை என்கிறது. இரண்டும் ஏட்டில் இருந்தன. 1992ல் மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியை, அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொன்றாக இடமில்லை, வசதியில்லை என்று திருப்பி அனுப்பின. கடைசியில் தனியாரிடம் காசு கட்டிப் பிழைத்தார். அவர் சேர்ந்திருந்த விவசாயக் கூலிகள் சங்கம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அவசர சிகிச்சை மறுப்பது 21ஆம் பிரிவை மீறுவதாகும், பணமில்லை என்று அரசு சொல்லித் தப்பிக்க முடியாது என்று 1996ல் தீர்ப்பு வந்தது. அவருக்கு 25,000 ரூபாய் இழப்பீடும் கிடைத்தது.

தனி ஆளாக இருந்தால் அவர் வீட்டில் படுத்து அழுதிருப்பார். சங்கம் இருந்ததால் தீர்ப்பு வந்தது.

மறுபடி 2020

இப்போது பாட்டியின் கேள்விக்கு வருவோம். நம்மைப் பூட்டியது 1897 சட்டம், 1939 சட்டம், 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டம் மூன்றும் சேர்ந்துதான். இதில் பேரிடர் சட்டத்தின் 12ஆம் பிரிவைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கும். நிவாரண முகாமில் உணவு, குடிதண்ணீர், மருத்துவம், சுகாதாரம் குறைந்தபட்சம் எவ்வளவு என்று வழிகாட்ட வேண்டும், விதவைகளுக்கும் ஆதரவற்ற பிள்ளைகளுக்கும் தனி ஏற்பாடு வேண்டும், உயிர் போனால் கருணைத் தொகை வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆக, பூட்டிய சட்டத்துக்குள்ளேயே கஞ்சிக்கும் பிரிவு இருந்தது!

தானாக வந்ததும் உண்டு. 2020ல் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தார்கள். கேட்ட பிறகு வந்ததும் உண்டு. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்குக் கருணைத் தொகை பற்றி வழக்குப் போட்டார்கள். 2021 ஜூன் 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 12ஆம் பிரிவைக் காட்டி, வழிகாட்டுதல் வகுத்தே ஆக வேண்டும் என்றது. அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த 50,000 ரூபாய். 2020 ஏப்ரலில் சென்னையில் ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்க விடாமல் கூட்டம் தடுத்தபோது, கௌரவமான அடக்கமும் 21ஆம் பிரிவில் அடங்கும் என்று சென்னை உயர் நீதிமன்றம் நினைவூட்டியது. அப்படித் தடுப்பதைக் குற்றமாக்கித் தமிழக அரசும் அவசரச் சட்டம் கொண்டுவந்தது.

1984ல் இத்தாலியின் சிராகூசா நகரில் உலக நாடுகளின் சட்ட வல்லுநர்கள் கூடி, நெருக்கடியில் மக்கள் உரிமையைக் கட்டுப்படுத்த நெறிமுறை எழுதினார்கள். அதைக் குழுக் கூட்டத்தில் சொல்வதானால் மூணே கேள்வி. இந்தக் கட்டுப்பாடு சட்டப்படி வந்ததா? இதைவிடக் குறைந்த கஷ்டத்தில் அதே காரியம் முடியாதா? எல்லாருக்கும் ஒரே மாதிரியா, எத்தனை நாளைக்கு? கட்டுப்பாடு தேவைப்படும் நாளும் வரும். அன்றைக்கும் இந்தக் கேள்விகளைக் கேட்கலாம். கேட்பது குற்றமில்லை.

நம்ம நோட்டில் ஒரு பக்கம்

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு 1989ல் பக்கத்து மாவட்டமான தர்மபுரியில் தொடங்கியது. அடுத்த சில வருஷத்தில் நம்ம சேலத்துக்கு வந்தது. அன்றைக்குச் சேமிப்புக்காகச் சேர்ந்தோம். கொரோனா காலத்தில் தமிழ்நாடு முழுக்கக் குழுப் பெண்கள் முகக்கவசம் தைத்தார்கள். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபோது, வீடு வீடாகச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொண்டுபோகக் குழுப் பெண்களையே தன்னார்வலராக எடுத்தார்கள். எந்த வீட்டில் யாருக்கு என்ன தேவை என்று தெரிந்தவர்கள் நாம்தான்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது நினைவிருக்கும். 20 கொண்டை ஊசி வளைவில் ஒன்று அடைத்தாலும் சேலம் ஆஸ்பத்திரிக்குக் குப்பனூர் வழியாகத்தான் சுற்ற வேண்டும். 2008ல் 108 ஆம்புலன்ஸ் வந்தபின் நிறைய உயிர் பிழைத்தது உண்மை. ஆனால் ரோடு இல்லாத ஊரிலிருந்து ரோடு வரைக்கும் இன்னும் நம்ம தோள்தான்.

அதனால் ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். கர்ப்பிணி யார், எந்த மாதம். தினமும் மாத்திரை சாப்பிடுபவர் யார், எத்தனை நாளைக்குக் கையிருப்பு. தனியாக இருப்பவர் யார். டோலி தூக்க ஆள் யார், வண்டி யாரிடம். 108, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, பெண்கள் உதவிக்கு 181. மூணு மாதத்துக்கு ஒரு தடவை திருத்த வேண்டும். எதிர்ப்பக்கத்தில், நமக்கு வர வேண்டியது என்ன, யாரிடம் மனுக் கொடுத்தோம், எந்தத் தேதி என்று எழுத வேண்டும். கிராம சபையில் வாய்ப்பேச்சாகச் சொன்னது காற்றோடு போகும். தேதி போட்ட மனு நிற்கும்.

எங்கள் குழுவில் அந்தப் பக்கத்தை எழுதிவிட்டோம். முதல் வரியில் இருப்பது பாட்டியின் பெயர்தான். தனியாக இருக்கிறார், சர்க்கரை மாத்திரை, 20 நாளைக்குக் கையிருப்பு. படித்துக் காட்டியதும், "பரவாயில்ல, என் கேள்வியையும் எழுதிக்கோ" என்றார். எழுதியிருக்கிறோம்.