ஒரு துளிச் சேர்க்கையால் உயர்ந்த கரிக்குழாய்



வாளி வாளியாகக் கித்தாப் பால் இருந்தாலும், அளவாக ஆசிட் சேர்த்தால்தானே அது உறைந்து ஷீட்டாகும்? கொஞ்சமாகச் சேர்க்கிற பொருள், பெரிய பொருளின் குணத்தையே மாற்றிவிடுகிறது. கணினி உலகிலும் இப்படியொரு வரலாறு உண்டு.

1991ஆம் ஆண்டு ஜப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா, கரித்துண்டுகளுக்கிடையே மின்பொறி பாய்ச்சியபோது உண்டான படிவை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அதிலே நுண்ணிய குழாய்கள் தெரிந்தன. சோவியத் அறிஞர் இருவர் 1952லேயே இத்தகைய கரிக்குழாய்களைப் படம்பிடித்து வெளியிட்டிருந்தனர். ஆனாலும், உலகம் விழித்துக்கொண்டது இஜிமாவின் கட்டுரைக்குப் பிறகுதான். 1993ல் ஒற்றைச் சுவர்க் குழாய்களும் கிடைத்தன. அவற்றின் குறுக்களவு ஏறக்குறைய ஒரு நானோமீட்டர். ஒரு மீட்டரை நூறு கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறு!

1997ல் அமெரிக்க அறிஞர்கள் இக்குழாய்க் கற்றைகளில் பொட்டாசியத்தையும் புரோமினையும் தனித்தனியே சேர்த்துப் பார்த்தனர். பொட்டாசியம் தன் எலெக்ட்ரானைக் குழாய்க்குக் கொடுத்தது; புரோமின் குழாயிடமிருந்து வாங்கிக்கொண்டது. கொடுத்தாலும் சரி, வாங்கினாலும் சரி, மின்சாரம் முன்னைவிட நன்றாகப் பாய்ந்தது.

1998ல் நெதர்லாந்திலும் அமெரிக்காவிலும் ஒற்றைக் குழாயால் டிரான்சிஸ்டர் என்னும் நுண் சுவிட்ச் செய்தார்கள். ஆனால், ஒரு சிக்கல். நல்ல கணினிக்கு எலெக்ட்ரான் பெற்ற வகை, எலெக்ட்ரான் இழந்த வகை இரண்டும் ஜோடியாக வேண்டும். காற்றுப்பட்ட குழாய்களோ இழந்த வகையாகவே வேலை செய்தன. 2001ல் ஐ.பி.எம். ஆய்வாளர்கள், வெற்றிடத்தில் சூடாக்கி ஆக்சிஜனை விரட்டியும், பொட்டாசியம் சேர்த்தும், மற்ற வகையை உண்டாக்கினார்கள். இரண்டையும் இணைத்து ஒரு சிறு சுற்றும் அமைத்தார்கள். ஆனால், சூடாக்கிய குழாயில் மறுபடி காற்றுப் பட்டதும் பழைய குணமே திரும்பிவிட்டது!

2013ல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 178 டிரான்சிஸ்டர்கள் கொண்ட கரிக்குழாய்க் கணினியைச் செய்தனர். அதிலும் ஒரே வகைதான். 2019ல்தான் எம்.ஐ.டி. அறிஞர்கள், குழாய்மேல் ஆக்சைடுப் போர்வை போர்த்தி, தகுந்த உலோக முனைகளையும் வைத்து, இரு வகையையும் நிலைக்கச் செய்தார்கள். 14,000க்கும் மேற்பட்ட டிரான்சிஸ்டர்கள் கொண்ட அந்தக் கணினி, உலகத்துக்கு வணக்கம் சொல்லியது.

இருபத்தெட்டு ஆண்டு உழைப்பு இது. குழாயில் குறையில்லை, சுற்றியிருந்த காற்றும், சேர்ந்த பொருளுமே அதன் குணத்தை மாற்றின. ஆகவே, பெற்றோர்களே! இன்று மேடையேறிப் பரிசு வாங்காத பிள்ளையைப் பார்த்து, "இவன் மண்டையிலே ஏறாது" என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு நல்ல புத்தகம், ஒரு நல்ல நண்பன், வீட்டிலே ஓர் அன்பான சொல்; இவற்றைக் கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள்.

வாழ்க கல்வி! வளர்க நம் பிள்ளைகள்!