14 ஆண்டுக் காத்திருப்பு, 15 மாத வேகம்

டல்ஹௌசி பிரபுவைப் பள்ளியில் படித்த எவருக்கும் மூன்று சொற்கள் சேர்ந்தே நினைவுக்கு வரும்: இருப்புப்பாதை, அஞ்சல், தந்தி. இவற்றுள் தந்தியைப் பற்றி எழுதுவோர் தவறாமல் ஒரு கணக்கைச் சொல்வார்கள். 1853 நவம்பரில் தொடங்கிய வேலை 1854 மார்ச் 24 அன்று கல்கத்தாவையும் ஆக்ராவையும் இணைத்தது. தொலைவு ஏறத்தாழ 800 மைல். 1855 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது 3,050 மைல் தந்திப்பாதையும் 41 அலுவலகங்களும் இருந்தன. மொத்தம் 15 மாதங்கள். 1856இல் இந்தியாவை விட்டுப் புறப்படுமுன் டல்ஹௌசி எழுதிய அறிக்கையிலும் இச்சாதனை பெருமையுடன் இடம்பெற்றது.

இக்கணக்கு பொய்யன்று. எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம் என்பதில்தான் சிக்கல். இந்தியத் தந்தியின் கதை 1853இல் தொடங்கவில்லை, 1839இல் தொடங்குகிறது.

அவ்வாண்டில், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துவந்த வில்லியம் புரூக் ஓ'ஷாக்னெசி என்ற மருத்துவர், நகருக்கு அருகே மூங்கில்களை வரிசையாக நட்டு, சுமார் 21 மைல் நீளத்துக்குக் கம்பியை முன்னும் பின்னுமாக ஓட்டி, அதன் வழியே குறிப்புகளை அனுப்பிக் காட்டினார். ஹூக்ளி ஆற்றின் நீரும் அந்த மின்சுற்றில் ஓர் அங்கமாக இருந்தது. சோதனையின் முடிவுகளை வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அமெரிக்காவில் மோர்ஸ் வாஷிங்டனையும் பால்டிமோரையும் இணைத்தது 1844இல்தான் என்பதை இங்கே நினைவுகொள்ள வேண்டும். அதற்கு ஐந்தாண்டு முன்னரே கல்கத்தாவில் வழி தெரிந்துவிட்டது.

பிறகு என்ன நடந்தது? பத்தாண்டுக்கும் மேலாக எதுவும் நடக்கவில்லை. கம்பெனி அரசு அச்சோதனையைத் தொடரவில்லை. ஓ'ஷாக்னெசி விடுப்பில் இங்கிலாந்து சென்றார். திரும்பிவந்து கல்கத்தா நாணயச் சாலையில் உலோகங்களின் மாற்றுப் பார்க்கும் பணியில் அமர்ந்தார். விரைவுச் செய்தியின் தேவையை அரசு அறியாமல் இல்லை. தந்திக்கு முன்பே, கல்கத்தாவிலிருந்து சுனார் வரை உயரமான கோபுரங்கள் கட்டி, ஒன்றிலிருந்து காட்டும் சைகையை அடுத்ததில் தொலைநோக்கியால் பார்த்துக் கடத்தும் முறையை முயன்று, 1830ஐ ஒட்டிக் கைவிட்டிருந்தது. தேவை இருந்தது, வழியும் தெரிந்திருந்தது. முடிவு மட்டும் எடுக்கப்படவில்லை.

1850இல் அனுமதி கிடைத்தபோதும் அது ஒரு சோதனைப் பாதைக்கு மட்டுமே: கல்கத்தாவிலிருந்து டைமண்ட் ஹார்பர் வரை. கப்பல்களின் வரவை முன்கூட்டியே அறிவது வணிகர்களுக்கும் அரசுக்கும் ஒருங்கே பயனளிப்பது. இவ்விடம் தேர்வானதில் வியப்பில்லை. ஐரோப்பிய முறைகள் இங்கே அப்படியே பொருந்தவில்லை. மெல்லிய கம்பி குரங்குகளுக்கும் பறவைகளுக்கும் புயலுக்கும் தாங்காது என்று கருதிய ஓ'ஷாக்னெசி, முக்கால் அங்குலத்தில் பாதித் தடிமன் கொண்ட இரும்புக் கோல்களை ஒன்றோடொன்று பற்றவைத்துப் பயன்படுத்தினார். ஆற்றைக் கடக்கும் இடத்தில், கட்டாபெர்ச்சா பிசின் பூசிய கம்பியைக் கப்பல் நங்கூரங்கள் அறுத்துவிடாதபடி சங்கிலியோடு சேர்த்து இறக்கினார். 1851இன் இறுதியில் டைமண்ட் ஹார்பர் இணைந்தது, அடுத்து கெஜூரி.

தாமதத்தை முடித்துவைத்தது அறிவியல் அன்று, போர். 1852இல் இரண்டாம் பர்மியப் போர் மூண்டது. ரங்கூன் வீழ்ந்த செய்தியைக் கொண்டுவந்த கப்பல் கல்கத்தாவை அடையுமுன்பே, கெஜூரியிலிருந்து தந்திவழியே செய்தி வந்து சேர்ந்தது. அதே ஆண்டில் டல்ஹௌசி நாடு தழுவிய தந்திப்பாதையைப் பரிந்துரைத்தார். ஓ'ஷாக்னெசி இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார். இயக்குநர் அவை விரைந்து ஒப்புதல் அளித்தது. பதினோராண்டு அசையாதிருந்த கோப்பு சில மாதங்களில் நகர்ந்துவிட்டது. கம்பியும் கருவிகளும் ஆட்களும் கடல்கடந்து வந்துசேர்வதற்கே 1853இன் இறுதி ஆயிற்று.

அந்த 15 மாத வேகத்துக்கும் ஒரு விலை உண்டு. முதலில் நடப்பட்ட கம்பங்களில் பல தற்காலிகமானவை. கரையானும் மழையும் அரித்தவற்றைப் பின்னர் மாற்ற வேண்டியிருந்தது: அந்தந்த நிலத்தில் கிடைத்ததற்கேற்ப ஓரிடத்தில் பனைமரம், ஓரிடத்தில் கருங்கல் தூண். இதைவிடப் பெரிய குறை பாதையின் அமைப்பில் இருந்தது. கல்கத்தாவிலிருந்து ஆக்ரா, ஆக்ராவிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து பெங்களூர் வழியாகச் சென்னை என்று ஒரே சங்கிலியாகப் பாதை ஓடியது. கல்கத்தாவிலிருந்து சென்னைக்கு ஒரு தந்தி வரவேண்டுமானால் பாதி இந்தியாவைச் சுற்றிவர வேண்டும். கிழக்குக் கடற்கரை வழியே நேரான பாதை 1857இல்கூட முடிந்திருக்கவில்லை. அவ்வாண்டு ஜூனில் கங்கைச் சமவெளியில் கம்பிகள் அறுக்கப்பட்டபோது, தலைநகரான கல்கத்தா ஆக்ராவை மட்டும் இழக்கவில்லை. பம்பாயோடும் சென்னையோடும் இருந்த தந்தித் தொடர்பையும் இழந்தது. தந்தியே பேரரசைக் காப்பாற்றியது என்று பிற்காலத்தில் எழுதியோர் இப்பகுதியை அதிகம் பேசுவதில்லை.

பேசப்படாத பெயர்களும் உண்டு. நாணயச் சாலையில் ஓ'ஷாக்னெசியின்கீழ் வேலை பார்த்த சிப் சந்திர நந்தி, டைமண்ட் ஹார்பர் பாதையின் தொடக்க நாள் முதலே உடனிருந்தவர். பின்னாளில் பத்மா ஆற்றின் குறுக்கே ஏறத்தாழ ஏழு மைல் நீளத்துக்கு நீரடிக் கம்பியை மீன்பிடிப் படகுகளைக் கொண்டே இறக்கி முடித்தார். அவருக்காவது பெயர் மிஞ்சியது. அப்படகுகளைச் செலுத்தியவர்களுக்கும், 3,050 மைலுக்குக் குழி தோண்டிக் கம்பம் நட்டவர்களுக்கும் அதுவும் இல்லை.

மொழியியல் படித்தவள் என்பதால் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இந்தியிலும் வங்காளத்திலும் இதன் பெயர் 'தார்', பொருள், கம்பி. தமிழில் 'தந்தி', யாழ், வீணையின் நரம்பைக் குறித்த சொல். ஆங்கிலச் சொல்லின் பொருள் 'தொலைவில் எழுதுவது'. நம் மொழிகளோ கண்ணுக்குத் தெரிந்த கம்பியைக் கொண்டே பெயரிட்டன. தொலைவை வென்ற பெருமை அறிக்கைகளில் இருக்கிறது. சுமந்து, இழுத்து, கட்டப்பட்ட கம்பி நம் சொற்களில் இருக்கிறது. அடுத்த முறை 15 மாதக் கணக்கைப் படிக்கும்போது, அதற்கு முன்னிருந்த 14 ஆண்டுகளையும் சேர்த்து எண்ணுங்கள். எது காத்திருக்கலாம், எது காத்திருக்கக் கூடாது என்று அரசு எவ்வாறு முடிவுசெய்தது என்பது அந்த இடைவெளியில்தான் தெரியும்.