சாவி வைத்திருப்பவர்களின் தகுதி

ஈய எழுத்துக் கோத்த காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். 1998 பெப்ரவரியில் அமெரிக்கப் படைத்துறைக் கணினிகளுக்குள் அந்நியர் புகுந்துவிட்டனர் என்ற செய்தி வெளியானபோது, ஈராக்குடன் போர் மூளக்கூடிய சூழல் நிலவியது. எதிரிநாட்டின் வேலை என்றே பலரும் ஐயுற்றனர். நானும் அவ்வாறே எண்ணினேன். அகப்பட்டவர்களோ கலிபோர்ணியாவின் பாடசாலை மாணவர் இருவரும் அவர்களுக்கு வழிகாட்டிய இஸ்ரேலிய இளைஞர் ஒருவரும்!

அவர்கள் நுழைந்த வழி இரகசியமானதன்று. சோலாரிஸ் என்னும் இயக்க முறைமையில் முன்னரே அறியப்பட்டிருந்த ஓட்டை அது. அதனை அடைக்கும் திருத்தமும் வெளிவந்திருந்தது. பொருத்த வேண்டியவர்கள் பொருத்தவில்லை, அவ்வளவே.

அந்தப் பொறுப்பு கணினி முறைமை நிர்வாகிகளுடையது. எல்லாக் கோப்புகளுக்கும் சாவி அவர்கள் கையில். ஆனால் அவர்களிற் பலர் போதிய பயிற்சி அற்றவர்கள் என்றும், வேறு கடமைகளுக்கிடையே பாதுகாப்பைப் பகுதிநேர வேலையாகப் பார்க்கின்றனர் என்றும் அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 1996 மே மாதமே எச்சரித்திருந்தது.

பாதுகாப்புத் திணைக்களம் 8570.01 இலக்கப் பணிப்புரையை 2004 ஓகஸ்டில் வெளியிட்டது. 2005 டிசம்பரில் அதன் கைநூல் வந்தது. தொழில்நுட்பப் பணியாளர் மூன்று படிநிலைகளாக வகுக்கப்பட்டனர். படையினர், சிவில் ஊழியர், ஒப்பந்த நிறுவனத்தார் அனைவரும் அங்கீகரிக்கப்பட்ட சான்றிதழ் பெறவேண்டும் என்று விதிக்கப்பட்டது. இடைநிலைக்குச் செக்கியூரிற்றி பிளஸ், மேல்நிலைக்குச் சிஐஎஸ்எஸ்பி போன்றவை. இவற்றை வழங்குவோர் அரசினர் அல்லர்; தொழில்துறைச் சங்கங்களும் தனியார் அமைப்புகளுமே. ஆண்டுக்கணக்கில் அனுபவமுள்ளவரும் பரீட்சைக்கு அமரவேண்டியதாயிற்று.

அறியாமைக்கு இது மருந்து. ஆனால் 2013இல் எட்வேர்ட் சுனோடன் தேசியப் பாதுகாப்பு முகவரகத்தின் இரகசியங்களை வெளியிட்டபோது வேறொரு கேள்வி எழுந்தது. அவரும் முறைமை நிர்வாகியாகப் பணியாற்றியவரே. தொழில் தெரியாமல் அவர் அதனைச் செய்யவில்லை. தெரிந்ததனாலேயே செய்ய முடிந்தது. அவரைத் துரோகி என்போரும் உளர், மனச்சாட்சியின் குரல் என்போரும் உளர். எவ்வாறாயினும் அது பரீட்சைத் தாளில் அளக்கக்கூடிய விடயமன்று. முறைமை நிர்வாகிகளில் ஏறத்தாழ 90 வீதத்தினரைக் குறைக்கப்போவதாக முகவரகத்தின் தலைவர் அவ்வாண்டு ஓகஸ்டில் அறிவித்தார்.

2023 பெப்ரவரியில் வெளியான 8140.03 இலக்கக் கைநூல் பழைய கைநூலின் இடத்தைப் பிடித்தது. சான்றிதழுக்கு ஈடாகப் பட்டத்தையோ உரிய பயிற்சியையோ அது ஏற்கிறது. அத்துடன், பணியிடத்தில் வேலையைச் செய்துகாட்டும் திறனும் மதிப்பிடப்படவேண்டும் என்கிறது.

நான் வேலை தேடிச் சென்ற நாளில் ஆசிரியர் என் சான்றிதழ்களைப் பிரித்தும் பார்க்கவில்லை. ஒரு செய்தியைத் தந்து எழுதித்தரச் சொன்னார். ஆறு மாதங்களின் பின்னரே கடைசிப் பக்கத்தை என்னை நம்பி ஒப்படைத்தார். ஆனாலும், 1998இல் அடைக்கப்படாதிருந்த அந்த ஓட்டையை நினைக்கும்போது சான்றிதழை இகழவும் மனம் வரவில்லை.